எல்லாம் சிவப்பாக வந்தால் என்ன செய்வது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் நேரத்தில், கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொல்லியும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நன்றி. பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

ஒரு தவறை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். தவறு என்னுடையது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பித்த கதை உங்களில் பலருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கமிட்டியில் இருந்தேன். புதிய ஒப்பந்தம் பிடிஎஃப்பாக வந்தது. "போன வருஷ ஒப்பந்தம்தான் சார், தேதியும் தொகையும் மட்டும்தான் மாறியிருக்கு" என்று ஒரு வரி மின்னஞ்சல். "நீ சாஃப்ட்வேர் ஆள்தானே, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்" என்று செயலாளர் என்னிடம் கொடுத்தார். நானும் இரண்டையும் வேர்டில் திறந்து, ஒப்பிடும் வசதியில் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. பதினாறு பக்கத்தில் ஒரு வரி பாக்கியில்லை. எல்லாமே அடித்து, எல்லாமே புதிதாக எழுதியதுபோல் காட்டியது. ஐந்து நிமிடம் பார்த்தேன். "ஃபார்மேட்டிங் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தாயிற்று.

சில மாதம் கழித்து கன்ட்ரோலர் போர்டு போனது. லிஃப்ட் பதினோரு நாள் நின்றது. நான்காவது மாடியில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர் அந்தப் பதினோரு நாளும் கீழே இறங்கவில்லை. போர்டுக்குத் தனி பில் வந்தது. "உதிரி பாகம் ஒப்பந்தத்திலேயே சேர்ந்ததுதானே?" என்று கேட்டோம். "ஒப்பந்தத்தைப் படியுங்கள்" என்றார்கள். படித்தோம். கண்டுபிடித்தது நானல்ல. இரண்டாவது மாடி டீச்சரம்மா, ஒரு பேப்பரில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொன்றை மகளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்தார். பழைய ஒப்பந்தத்தில் உதிரி பாகம் 'இன்க்ளூடிங்'. புதியதில் 'எக்ஸ்க்ளூடிங்'. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், மாறியது இரண்டே எழுத்து.

என் கணினி அந்த இரண்டு எழுத்தைக் காட்டாமல் விட்டதா? இல்லை. காட்டியது. ஆனால் மாறாத ஆயிரம் வரிகளையும் சேர்த்துச் சிவப்பாகக் காட்டியதால், எனக்கு அது தெரியவில்லை. கருவி வேலை செய்யவில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல், ஒப்பந்தத்தில் ஒன்றுமில்லை என்று நான் முடிவு செய்தேன். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். எல்லாம் சிவப்பாக வந்தாலும், ஒன்றுமே சிவப்பாக வராவிட்டாலும், அது விடை அல்ல. கருவிக்கு எதுவோ சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆவணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இது இப்போது ஏன் அவசரம்? அபார்ட்மென்ட் உரிமை தொடர்பான 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் தமிழ்நாட்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024-இல் நடைமுறைக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். அதையொட்டி நம் சங்கத்தின் துணைவிதிகளையும் திருத்துகிறோம். மூன்றாவது வரைவு உங்கள் கையில் இருக்கிறது, நான்காவது வரப்போகிறது. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கிலா, வீட்டுக்கு இவ்வளவு என்றா? பார்க்கிங் யாருக்கு? வாடகைக்கு இருப்பவர் கூட்டத்தில் பேசலாமா? எல்லாம் அதில்தான் இருக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது பார்க்கத் தெரிய வேண்டும். கமிட்டி சொல்வதை நம்புங்கள், ஆனால் சரிபார்த்துவிட்டு நம்புங்கள்.

கருவி எப்படி யோசிக்கிறது?

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு நிமிடம். நமக்குத் தெரிந்த ரயிலை வைத்தே சொல்கிறேன்.

தாம்பரத்திலிருந்து நம் ஊருக்கு வரும் நிலையங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில். இன்னொரு தாளில் அதே பட்டியலை எழுதி, வண்டலூருக்குப் பிறகு கிளாம்பாக்கம் என்று ஒரு பெயரைச் சேருங்கள். இப்போது முதல் பெயரோடு முதல் பெயர், இரண்டாவதோடு இரண்டாவது என்று எண்ணிக்கைப்படி ஒப்பிட்டால் என்ன ஆகும்? மூன்றாவதிலிருந்து எல்லாமே தப்பு என்று வரும். உண்மையில் சேர்ந்தது ஒரே ஒரு பெயர்தான்.

இந்தச் சிக்கலுக்கு 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் வழி கண்டார். யுனிக்ஸ் இயங்குதளத்துக்காக அவர் எழுதிய நிரலுக்கு 'டிஃப்' என்று பெயர். அதன் கணக்கு முறையை அவரும் ஜேம்ஸ் ஹண்ட் என்பவரும் சேர்ந்து 1976-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். யோசனை எளிமையானது. இரண்டு பட்டியலிலும் அதே வரிசையில் வருகிற மிக நீளமான பொதுப் பகுதியை முதலில் கண்டுபிடி. அதில் சேராதது எதுவோ அதுதான் மாற்றம். நம் ரயில் பட்டியலில் எட்டு நிலையமும் பொது, கிளாம்பாக்கம் ஒன்றுதான் புதிது என்று சரியாகச் சொல்லிவிடும். பின்னால் 1986-இல் யூஜின் மையர்ஸ் இதை இன்னும் வேகமாக்கினார். இன்று நீங்கள் பயன்படுத்தும் பெரும்பாலான கருவிகளின் அடியில் இருப்பது இந்த யோசனைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பட்டியலில் உள்ள பெயர்கள் அப்படியே பொருந்தினால்தான் 'பொது' என்று அது ஒப்புக்கொள்ளும். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில் என்று எழுதுகிறோம், கோயில் என்றும் எழுதுகிறோம். 'ப்' போட்டு சிங்கப்பெருமாள், போடாமல் சிங்கபெருமாள். நமக்கு எல்லாம் ஒரே பாடலாத்ரி நரசிம்மர் ஊர்தான். கருவிக்கு அவை வெவ்வேறு ஊர். அதற்குப் பொருள் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும்.

எல்லாம் சிவப்பு: காரணங்களும் வைத்தியமும்

என் லிஃப்ட் ஒப்பந்தத்தில் நடந்தது என்ன என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுக்கும்போது, தாளில் வரி எங்கெல்லாம் முடிகிறதோ அங்கெல்லாம் ஒரு பத்தி முடிந்ததாகவே கணினி எடுத்துக்கொண்டது. பழைய ஒப்பந்தத்தின் எழுத்து அளவு ஒன்று, புதியதன் அளவு ஒன்று. ஆகவே வரிகள் வேறு வேறு இடத்தில் உடைந்தன. வரிக்கு வரி பொருந்தவில்லை, எல்லாம் சிவப்பு.

வைத்தியம்: இரண்டு கோப்பிலும் இந்தப் பொய்யான வரி முடிவுகளை நீக்குங்கள். வேர்டில் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' திறந்து, 'மோர்' அழுத்தி, 'ஸ்பெஷல்' பட்டியலில் 'பாராகிராஃப் மார்க்' எடுத்தால் வரி முடிவைத் தேடலாம். உண்மையான பத்திகளுக்கு இடையில் பெரும்பாலும் இரண்டு வரி முடிவு இருக்கும். முதலில் இரட்டை வரி முடிவுகளை ### போன்ற ஓர் அடையாளமாக மாற்றுங்கள். பிறகு மிச்சமுள்ள ஒற்றை வரி முடிவுகளை இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியில் ### எல்லாவற்றையும் திரும்பவும் வரி முடிவாக்குங்கள். பத்து நிமிட வேலை. அன்று நான் இதைச் செய்திருந்தால் பதினாறு பக்கத்தில் ஏழெட்டு இடம்தான் சிவந்திருக்கும். அதில் ஒன்று அந்த 'எக்ஸ்க்ளூடிங்'.

இரண்டாவது காரணம், இடைவெளியும் வடிவமும். வேர்டில் 'ரிவ்யூ' பகுதியில் 'கம்பேர்' இருக்கிறது. பழையது எது, புதியது எது என்று கேட்கும் அதே பெட்டியில் கீழே 'மோர்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை யாரும் அழுத்துவதில்லை. அழுத்துங்கள். 'ஃபார்மேட்டிங்', 'ஒயிட் ஸ்பேஸ்' இரண்டிலும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். எழுத்துரு மாறியது, தடித்த எழுத்தானது, இரண்டு இடைவெளி ஒன்றானது எல்லாம் மறைந்துவிடும். 'டேபிள்ஸ்', 'ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்', 'ஃபுட்நோட்ஸ்', 'டெக்ஸ்ட் பாக்ஸஸ்' இவற்றின் டிக்கை எடுக்கக் கூடாது. தொகையும் தேதியும் ஒளிந்திருப்பது அங்கேதான்.

அதே பெட்டியில், மாற்றத்தைச் சொல் அளவில் காட்டவா, எழுத்து அளவில் காட்டவா என்று கேட்கும். தமிழ் ஆவணத்துக்குச் சொல் அளவையே வையுங்கள். எழுத்து அளவில் வைத்தால் 'கி' என்பதில் உயிர்க்குறி மட்டும் தனியே பிரிந்து, புள்ளி வட்டத்தோடு தொங்கி நிற்கும். படிக்க முடியாது.

மூன்றாவது, திசை. லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்துபவர்கள் புதிய கோப்பை முதலில் திறந்து, பிறகு 'எடிட்', 'ட்ராக் சேஞ்சஸ்', 'கம்பேர் டாக்குமென்ட்' போய்ப் பழையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சேர்த்தது நீக்கியதாகவும், நீக்கியது சேர்த்ததாகவும் தெரியும். போன வாரம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் "விருந்தினர் பார்க்கிங்கை எடுத்துவிட்டார்கள்" என்று ஒரு பெரிய சண்டை நடந்ததே, அது இதுதான். எடுக்கவில்லை, புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

நான்காவது, கூகுள் டாக்ஸ். 'டூல்ஸ்' பகுதியில் 'கம்பேர் டாக்குமென்ட்ஸ்' உண்டு. சில சமயம் அது வேலையே செய்யாது. காரணம், நீங்கள் திறந்திருப்பது வேர்டு கோப்பு. 'ஃபைல்' பகுதியில் 'சேவ் ஆஸ் கூகுள் டாக்ஸ்' கொடுத்து, இரண்டையும் கூகுள் வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது, வேர்டில் 'கம்பேர்' பொத்தானே மங்கிக் கிடக்கும். பெரும்பாலும் யாரோ கோப்பைத் திருத்த முடியாதபடி பூட்டி அனுப்பியிருப்பார்கள். அனுப்பியவரிடம் பூட்டில்லாத பிரதி கேளுங்கள். ஒப்பந்தம் போடப்போகிறவர் அதைக் கேட்பதில் தவறே இல்லை. தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

தமிழ் ஆவணம் என்றால் இன்னொரு கதை

நம் துணைவிதியின் தமிழ்ப் பிரதியில் பலரும் மாட்டிக்கொண்டீர்கள். முதல் பிரதி பல வருஷத்துக்கு முன் ஒரு டிடிபி சென்டரில் அடித்தது. திரையில் தமிழ். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் அல்ல. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், புரியாத ஆங்கிலக் குறிகளாகச் சிதறும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு 'டாப்', 'டாம்' என்று பொதுக் குறியீடுகள் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய கோப்புகள் பழையபடியே கிடக்கின்றன. பாமினியில் இருப்பதையும் யூனிகோடில் இருப்பதையும் ஒப்பிட்டால் நூற்றுக்கு நூறு சிவப்புதான். முதலில் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு இரண்டையும் யூனிகோடாக்குங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போல இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள், ஏதாவது ஓர் எழுத்து எல்லா இடத்திலும் தப்பாக மாறியிருக்கக்கூடும்.

இரண்டும் யூனிகோடுதான், ஆனாலும் ஒரே மாதிரி தெரியும் சொல் சிவப்பாக வருகிறதா? அதற்கும் காரணம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் உள்ள கொம்பு, பின்னால் உள்ள கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் 'கொ'தான். சில கருவிகள் இதைப் புரிந்துகொள்ளும், சில புரிந்துகொள்ளாது. 'ஸ்ரீ' இன்னும் வேடிக்கை. அதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தெரியும். நம் வளாகத்தில் பெயரில் 'ஸ்ரீ' இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். உரிமையாளர் பட்டியலில் அவர்கள் எல்லோரும் மாறியதாகக் காட்டுவதற்கு இது போதும். இதற்குச் சுலபமான வழி, ஒரு பிரதியிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து இரண்டு கோப்பிலும் தேடி, மாற்றி, ஒரே மாதிரி ஆக்கிவிடுவது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேறு ரகம். மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அது எழுத்தே அல்ல, புகைப்படம். கூகுள் டிரைவில் போட்டு, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். தமிழும் வரும். ஆனால் 'ர' எங்கே, கால் 'ா' எங்கே என்று அது தடுமாறும். எண்களில் 1, 7 குழம்பும். அதனால் ஸ்கேனிலிருந்து வந்த சிவப்பை ஒவ்வொன்றாக மூலத்தாளோடு வைத்துப் பார்த்தே தீர வேண்டும். முடிந்தால் ஸ்கேனை வேண்டாம் என்று சொல்லி, மூலக் கோப்பையே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'இரண்டு கோப்பை ஏற்றுங்கள், இலவசமாக ஒப்பிட்டுத் தருகிறோம்' என்று நிறைய இணையதளங்கள் இருக்கின்றன. நம் ஆவணங்களில் வீட்டு எண், பெயர், கைப்பேசி எண், சில சமயம் பான் எண்கூட இருக்கிறது. தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-இல் சட்டமே வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் விவரத்தைத் தெரியாத இடத்தில் ஏற்றும் உரிமை நமக்கு இல்லை. உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓடும் கருவிகள் போதும். எழுத்துக் கோப்புகளுக்கு விண்மெர்ஜ் என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. இடைவெளியையும் வரி முடிவையும் பொருட்படுத்தாதே என்று அதிலும் சொல்லலாம்.

ஒன்றுமே சிவப்பில்லை: இதற்குத்தான் பயப்பட வேண்டும்

எல்லாம் சிவப்பு என்றால் எரிச்சல்தான் வரும். ஒன்றும் சிவப்பில்லை என்றால் நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து.

முதலாவது, படம். ஒப்பந்தத்தின் கடைசியில் கட்டண அட்டவணை இருக்கும். அதை எக்செலிலிருந்து படமாக ஒட்டியிருந்தால், படத்துக்குள் இருக்கும் எண் மாறினாலும் கருவி படிக்காது. இணைப்பு என்று தனிக் கோப்பாக வந்தால் அதை நீங்களே தனியாக ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பிரிவு எண். இது மூன்றாவது வரைவிலேயே நடந்தது. '9-ஆம் பிரிவின்படி நிலுவை வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை' என்று ஒரு வரி. 9-ஆம் பிரிவு என்பது ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை என்ற விளக்கம். நடுவில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். பழைய 9 இப்போது 10 ஆகிவிட்டது. புதிய 9 சமுதாயக் கூட வாடகையைப் பற்றியது. 'வாக்குரிமை இல்லை' என்ற வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கருவி அதைக் காட்டவில்லை, காட்டவும் முடியாது. ஆனால் அந்த வரியின் அர்த்தம் முழுக்க மாறிவிட்டது. கூட வாடகை பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை என்று ஆகியிருக்கும். ஆகவே புதிய பிரிவு ஒன்று சேர்ந்ததாகக் கருவி காட்டினால், ஆவணம் முழுக்க 'பிரிவு' என்ற சொல்லைத் தேடி, ஒவ்வொரு எண்ணும் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே 'ட்ராக் சேஞ்சஸ்' போட்டுத் திருத்திய கோப்பு. அதில் ஒப்புக்கொள்ளாத திருத்தங்கள் பாக்கி இருந்தால், ஒப்பிடும்போது வேர்டு அவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பெட்டியில் அதைச் சொல்லவும் சொல்லும். நாம் படிக்காமல் 'யெஸ்' அழுத்திவிடுகிறோம்.

நான்காவது ரொம்பச் சாதாரணம். ஒரே கோப்பை இரண்டு தடவை தேர்ந்தெடுத்திருப்போம். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் லேட்டஸ்ட்' என்று பெயர் வைத்தால் வேறென்ன நடக்கும்?

எப்படிச் சோதிப்பது? தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும் சென்சார் சரியாக இருக்கிறதா என்று நம் பிளம்பர் எப்படிப் பார்க்கிறார்? கையால் மிதவையைத் தூக்கிப் பார்க்கிறார். அதேபோல், ஒப்பிடும் முன்பு புதிய கோப்பை ஒரு பிரதி எடுத்து, அதில் ஒரே ஓர் எண்ணை வேண்டுமென்றே மாற்றுங்கள். அந்தப் பிரதியைப் புதிய கோப்போடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வர வேண்டும். அட்டவணையில் ஓர் எண்ணையும் மாற்றிப் பாருங்கள். அது வராவிட்டால், அந்த அட்டவணையைக் கருவி பார்ப்பதே இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் நம்பலாமா கூடாதா என்று தெரிந்துவிடுகிறது. சோதித்த பிரதியை மறக்காமல் அழித்துவிடுங்கள், அது வாட்ஸ்அப்பில் போய்விடப் போகிறது.

கடைசியில் இரண்டு பேர், இரண்டு தாள்

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. பிரதிகளுக்கு இடையில் உள்ள வேறுபாட்டுக்குத் தமிழில் 'பாடபேதம்' என்றே சொல் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது சீவக சிந்தாமணியின் ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, 1887-இல் அச்சிட்டார். பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல் வந்தன. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எகரமா, நெடில் ஏகாரமா தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இன்று ஸ்கேன் செய்த தாளில் கணினி தடுமாறுகிற அதே கால், அதே ரகரம்! ஒருவர் ஏட்டைப் பார்த்துப் படிக்க, மற்றவர் தம் கையிலுள்ள பிரதியில் வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது அக்காலத்துப் பழக்கம். எது வேறுபடுகிறது என்று கண்டபிறகு எது பொருந்துகிறது என்று யோசித்தார்கள். டீச்சரம்மா மகளை உட்கார வைத்துச் செய்தது இதைத்தான்.

ஆகவே நான்காவது வரைவுக்கு இப்படிச் செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கமிட்டி ஒரே ஒரு மூலக் கோப்பை வைத்துக்கொள்ளட்டும். அது யூனிகோடில், வேர்டு வடிவில் இருக்கட்டும். பெயரில் 'ஃபைனல்' வேண்டாம், தேதி போதும். 'துணைவிதி 2025-07-06' என்பதுபோல் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் கோப்புகள் தாமாகவே அடுக்கி நிற்கும். வரைவை அனுப்பும்போது, முந்தைய வரைவோடு ஒப்பிட்ட பிரதியையும் சேர்த்து அனுப்பட்டும். நீங்கள் உங்கள் கணினியில் ஒருமுறை ஒப்பிட்டு, அதே இடங்கள்தான் சிவக்கின்றனவா என்று பாருங்கள். கணினி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வாக்கெடுப்புக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, இந்த இடத்திலேயே இரண்டு பேர் உட்கார்ந்து தொகை, நாள், சதவீதம், பிரிவு எண், 'உட்பட', 'நீங்கலாக', 'அல்லது', 'மற்றும்' வரும் எல்லா வரிகளையும் சத்தமாகப் படிப்போம். ஒருவர் பழையதை, ஒருவர் புதியதை. ஒரு மணி நேரம்கூட ஆகாது. டீச்சரம்மா ஒரு பக்கம் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். மறு பக்கம் நான் உட்காருகிறேன். எனக்கு அந்தக் கடன் இருக்கிறது.

பதினோரு நாள் மாடியிலேயே இருந்த பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா, அடுத்த தடவை நல்லாப் படி" என்றார். அந்த அடுத்த தடவை இப்போது வந்திருக்கிறது.

கேள்வி இருப்பவர்கள் லேப்டாப்போடு முன்னால் வாருங்கள். எல்லாம் சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்தே பார்ப்போம்.